ஏழாவது கதிரை

அத்தியாயம் பதினொன்று

ஜூரிமார் ஏழு பேரும் எழும்பி, சால்வையை உதறி, வேட்டியைச் சரி செய்துகொண்டு பக்கத்து அறைக்குப் போனார்கள். ஒரு மனிதனைத் தூக்கில் போடுவதா விடுவதா என்று முடிவு சொல்லப் போகிறவர்களின் நடையா அது? சந்தை கலைந்து வீட்டுக்குப் போகிற நடை. கடைசி வாங்குக்குப் பின்னால் நின்று கனகலிங்கம் அதைப் பார்த்தார்.

"அண்ணை, கவனிச்சீங்களே?" பக்கத்தில் நின்ற றவூப் காதுக்குள் சொன்னான். "கரையில இருந்த தடிச்ச மனிசன் முழு வழக்கும் நித்திரை. சாட்சியளைக் கனவிலதான் விசாரிச்சிருக்கிறார்."

"வாயைப் பொத்து. துரை பாக்கிறார்."

"துரையும் இப்பதான் முழிச்சவர்."

றவூப் முல்லைத்தீவு முஸ்லிம் கருவாட்டு வியாபாரி ஒருவரின் மகன். முப்பது வயது, இன்னும் கலியாணமாகவில்லை. கனகலிங்கம் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேலையைச் சீ என்று உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய சைக்கிளின் பின்னால் இருப்பவன் அவன்தான். வாயை அடக்கத் தெரியாதவன். ஆனால் கண் கூர்மை.

1961ஆம் வருசம். சுதந்திரம் வந்து எவ்வளவோ காலமாகியும் வவுனியாவில் சுப்ரீம் கோடு கூடினால் எல்லாம் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனபடிதான். கொழும்பிலிருந்து நீதிபதித் துரை வருவார். சிவப்பு அங்கி. மகாராணியின் பேரில் வழக்கு. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனை, கூண்டில் ஏற்றி, இங்கிலிஷ் ஜூரி வேணுமா, சிங்கள ஜூரி வேணுமா, தமிழ் ஜூரி வேணுமா என்று கேட்பார்கள். பெட்டிக்குள் கையை விட்டுப் பேர்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்கள். பிடிக்காத ஆள் என்றால் காரணம் சொல்லாமலே ஐந்து பேரை எதிரி மறுக்கலாம். மிஞ்சிய ஏழு பேர் சத்தியம் செய்துகொண்டு உட்காருவார்கள். அதற்குப் பிறகு அவன் உயிர் அந்த ஏழு பேரின் கையில். ஏழு பேரும் ஒத்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் ஐந்துக்கு இரண்டாவது வரவேண்டும். நாலுக்கு மூன்று என்றால் அது தீர்ப்பே இல்லை.

நடுவில் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்திருந்த தூக்குக் கயிறும் திரும்பி வந்திருந்தது. அதுதான் கனகலிங்கத்தின் கவலை. கூண்டில் நின்ற அப்புத்துரை அக்கராயன் பக்கத்தில் வயல் செய்கிறவன். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் வீரகத்தி என்பவனை வெட்டிக் கொன்றான் என்பது வழக்கு. கண்ட சாட்சி ஒரே ஒரு ஆள். அவன் சொன்னது பச்சைப் பொய் என்று கனகலிங்கத்துக்குத் தெரியும். செத்தவனின் தமையன் நடராசாவின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். தெரிந்து என்ன? ஜூரிக்கு முன்னால் வைக்க ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் அப்புத்துரையின் பெண்சாதி சிவனேஸ்வரி நின்றாள். சீலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்றவள் அவரைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"ஐயா, ஜூரிமார் உள்ள போட்டினமாம். என்ன சொல்லுவினம்?"

"பொறு பிள்ளை. இப்பதானே போனவை."

"தூக்கெண்டு சொன்னா நான் என்ன செய்யிறது ஐயா? உதில நிண்டபடி விழுந்து சாக வேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்து, கால் கழுவ என்று கட்டடத்துக்குப் பின்னால் போயிருந்த றவூப் வேட்டைக்காரன் மாதிரிப் பதுங்கிப் பதுங்கி வந்தான்.

"அண்ணை, இஞ்சால வாங்கோ. ஜூரி அறைக்குப் பின்பக்கப் படியில ஒரு சோடாப் போத்தல் கிடக்கு."

"கிடந்தா?"

"உள்ள அரைவாசி மண்ணிறமா என்னவோ இருக்கு."

கனகலிங்கத்தின் மீசை துடித்தது. சாராயம்! ஜூரி அறை வாசலில், கோட்டுக் கட்டளைகளை நிறைவேற்றுகிற பிஸ்கால் கந்தோர்ச் சேவகன் காவல் நிற்கிறான். ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேன், ஒருத்தரோடும் கதைக்க விடமாட்டேன் என்று கோட்டில் சத்தியம் பண்ணினவன். அப்படியிருக்க உள்ளே சாராயம் போயிருக்கிறது என்றால், கொடுத்தவன் யார்? நடராசா! எந்த ஜூரரையோ வளைத்துப் போட்டிருக்கிறான். இதை மட்டும் நிரூபித்தால் துரை ஜூரியையே கலைத்துவிடுவார்.

"அம்பிட்டான்ரா!" என்று அவர் கையைத் தட்டினார். "வா, அப்புக்காத்தரிட்டப் போவம்."

"கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை. வேலிக்குள்ளால கையை விட்டு எடுத்து மணந்து பாத்திட்டுத்தான் வாறன். நான் சோனகன், சாராயமெண்டா தூரத்திலயே மணக்கும். இது தேத்தண்ணி."

"என்ன?"

"தேத்தண்ணி. சீனியும் குறைவு. போத்தல் கழுத்தில தூக்கிறதுக்கு ஒரு சணல் கயிறு."

கனகலிங்கத்துக்கு முகம் தொங்கிப் போனது. ஆனாலும் அது உறுத்தியது. ஏழு பேருக்கும் தேத்தண்ணி போயிருக்கும், அது வழக்கம். போத்தலில் ஏன்? அதுவும் பின்படியில் ஏன்?

எதிரே சிற்றம்பலத்தின் தேத்தண்ணிக் கடை. கோட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் கடை. கனகலிங்கம் போய் வாங்கில் இருந்தார். நெற்றி நிறைய விபூதியோடு சிற்றம்பலம் பால் தேத்தண்ணி ஆற்றிக் கிளாசில் கொண்டுவந்து வைத்தார். றவூப்புக்கும் ஒரு கிளாஸ்.

"சிற்றம்பலத்தார், ஜூரிமாருக்கு உங்கட கடையிலயிருந்துதானே போனது?"

"ஓம் ஓம். நான்தான் தட்டில வைச்சு அனுப்பினனான். ஆறும் ஒண்டும்."

கிளாசை வாய்க்குக் கொண்டுபோன கனகலிங்கம் அப்படியே நின்றார்.

"ஏழெண்டு சொல்லும்."

"ஆறும் ஒண்டும்தான் இன்ஸ்பெக்டர் ஐயா. எப்பிடி ஏழெண்டு சொல்லுறது?" சிற்றம்பலம் சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் போலச் சிரித்தார். "ஆறு கிளாஸ். மல்லாவி வாத்தியாருக்குப் போத்தில். இந்த முறை பெட்டிக்குள்ளயிருந்து அவற்ற பேரும் வந்திட்டுதெல்லோ. என்ன செய்யிறது, காலம்."

கடையின் பக்கச் சுவரில் ஆணி அடித்து வரிசையாகப் போத்தல்கள் தொங்கின. கழுத்தில் சணல் கயிறு. தீண்டக்கூடாதென்று ஒதுக்கிவைத்த அந்தச் சாதிச் சனம் வந்தால் உள்ளே வராமல் வெளியே நின்று அதில் வாங்கிக் குடித்துவிட்டு, தாங்களே கழுவி மாட்டிவிட்டுப் போகவேண்டும். நேற்றும் அவை தொங்கின. போன வருசமும் தொங்கின. கனகலிங்கம் இந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தொங்குகின்றன. துப்பறிகிறவராம் அவர்! மூக்குக்கு முன்னால் தொங்கினதை வேற்றூரான் ஒருத்தன் மணந்து வந்து சொல்லவேண்டி இருந்தது.

"இப்பிடிச் செய்யக்கூடாதெண்டு சட்டம் வந்ததெல்லோ?"

"சட்டம் கொழும்பில ஐயா. தேத்தண்ணி இஞ்ச."

றவூப் தன் கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கட ஆக்கள் ஒரு சகன் தட்டைச் சுத்தி ஆறு பேர் இருந்து ஒண்டாச் சாப்பிடுவம். உங்கட ஆக்களுக்கு ஏழு தேத்தண்ணிக்கு ரெண்டு வகைச் சாமான் வேணும். கழுவுற வேலை கூடவெல்லோ, முதலாளி?"

கனகலிங்கம் குடிக்காமலே எழும்பினார். சாமான் இரண்டு வகை என்றால் இடமும் இரண்டாகத்தானே இருக்கும்? போத்தலை உள்ளே வைத்துக் குடித்திருந்தால் உள்ளே கிடக்கும். அது வெளிப்படியில் கிடக்கிறது.

இருவரும் கட்டடத்தைச் சுற்றிப் பின்வேலிக்கு ஓடினார்கள். ஓலை வேலியின் பொட்டுக்குள்ளால் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. ஜூரி அறையின் பின்கதவு சாத்திக் கிடந்தது. படியில், கொளுத்துகிற வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார்; றவூப் முதல் வந்தபோது சுவர் மறைவில் ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். வெள்ளை வேட்டி, கோட்டு, மூக்குக்கண்ணாடி. மல்லாவி வாத்தியார், சின்னராசா மாஸ்டர். ஏழாவது ஜூரர். உள்ளே யாரோ பெரிய சத்தமாகச் சிரிக்கிறது கேட்டது.

"ஒரு சொல்லுக் கேப்பமே அண்ணை?" என்று றவூப் முணுமுணுத்தான்.

"கதைச்சியோ, ரெண்டு பேரும் மறியலுக்குத்தான். ஜூரரோட வெளியாள் கதைக்கேலாது. வா!"

சிவனேஸ்வரியின் புருசனுக்காக வாதாடியவர் யாழ்ப்பாணத்து அப்புக்காத்து மயில்வாகனம். கறுப்பு அங்கியைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு சுருட்டுப் பிடித்தபடி நின்றார். கனகலிங்கம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். ஏழு பேர் கூடிக் கதைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதானே சட்டம்? ஒரு ஜூரரை வெளியில் வைத்துவிட்டு ஆறு பேர் உள்ளே இருந்தால் அது என்ன ஜூரி? தீர்ப்பைச் சொல்ல முதல் துரையிடம் எழும்பிச் சொல்லுங்கோ, ஒரு நிமிசம் போதும்.

மயில்வாகனத்துக்கு முகம் மாறியது. சந்தோசத்தில் என்று கனகலிங்கம் நினைத்தார். இல்லை.

"உதை எப்பிடிக் கோட்டில சொல்லுறது, கனகலிங்கம்?"

"ஏன், வாயாலதான்."

"பகிடி விடாதையும். துரை ஆர்? வெளியாள். அவருக்கு முன்னால நிண்டு எங்கட வீட்டுக் குப்பையைக் கிளறச் சொல்லுறீரோ? நாளைக்குப் பேப்பரில வரும். யாழ்ப்பாணத்தில நான் வெளிக்கிட்டுத் திரிய வேண்டாமோ?"

"உங்கட கட்சிக்காரன்ர கழுத்து?"

"அதுக்கு அப்பீல் இருக்கு. பாப்பம்."

கனகலிங்கத்துக்கு நாக்கில் கசப்பு ஏறியது. திரும்பி நிலத்தில் காறித் துப்பினார்.

"துப்பறியச் சொன்னா, துப்பிக்கொண்டு நிக்கிறியள் அண்ணை," என்றான் றவூப். ஆனால் அவன் முகத்திலும் சிரிப்பில்லை. அந்த நேரம் மணி அடித்தது. ஜூரி தயார்.

எல்லாரும் விழுந்தடித்து உள்ளே போனார்கள். துரை வந்து அமர்ந்தார். ஏழு பேரும் வரிசையாக வந்தார்கள். ஆறு பேர் ஒட்டி ஒட்டி நின்றார்கள், ஏழாவது ஆளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மாடு போகலாம். ஜூரிமாருக்குத் தலைவராகத் தங்களுக்குள் அவர்கள் தெரிந்தெடுத்திருந்தவர் நெல்லுமில்லுக்காரர் ஒருவர். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒத்த முடிவோ?" என்று கோட்டு எழுதுவினைஞர் கேட்டார்.

"இல்லை. அஞ்சுக்கு ரெண்டு."

"என்ன முடிவு?"

"குற்றவாளி."

சிவனேஸ்வரியின் குரல் ஓலமாக வெளியே வந்தது. கூண்டுக்குள் அப்புத்துரை கம்பியைப் பிடித்துக்கொண்டான். மயில்வாகனம் எழும்பவில்லை. தன் முன்னால் கிடந்த கடுதாசிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். அடுக்குகிறாராம்!

கனகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்து கத்தினார்: "ஏழாவது ஆளைக் கேளுங்கோ! அவர் உள்ளுக்கே இருக்கேல்லை!"

கோடு கிடுகிடுத்தது. ஒரு பொலிஸ் கொஸ்தாப்பு வந்து அவருடைய கையைப் பிடித்து முறுக்கினான். துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த மனிதன் என்ன சொல்கிறான் என்று மொழிபெயர்ப்பு முதலியாரிடம் கேட்டார்.

"யாரோ விசரன், பிரபு," என்றார் முதலியார் இங்கிலிஷில், கண் இமைக்காமல்.

"நான் விசரன் இல்லை, பிரபு," என்று கனகலிங்கமும் இங்கிலிஷிலேயே கத்தினார். "ஏழாவது ஜூரர் அறைக்கு வெளியே, படியில் இருந்தார். என் கண்ணால் கண்டேன்."

துரை கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் சின்னராசா மாஸ்டரைப் பார்த்து உண்மையா என்று கேட்டார். முதலியார் அதைத் தமிழில் சொல்ல வாயெடுக்க முன்னரே, மாஸ்டர் எழும்பி நல்ல இங்கிலிஷில் பதில் சொன்னார்.

"உண்மை, பிரபு. என்னை வெளியில் இருக்கச் சொன்னார்கள். என் முடிவை ஒருவரும் கேட்கவில்லை."

"ஏன் வெளியில் இருந்தீர்?"

"அதை அவர்களைத்தான் கேட்கவேண்டும்."

மில்லுக்காரர் வியர்த்து வழிந்தார். "காத்துக்காகப் போய் இருந்தவர்," என்றார். காற்றாம்! வவுனியாவில், உச்சி வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு!

துரைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் ஏதோ அழுகிய சாமானை மணந்தவர் போல அவர் முகம் சுருங்கியது. அந்த முடிவைத் தான் ஏற்க முடியாது என்றார். ஏழு பேரும் திரும்ப உள்ளே போகவேண்டும். ஏழு கதிரை போடவேண்டும். பின்கதவைப் பூட்டித் திறப்பைத் தன் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஏழு பேரும் கதைத்து, ஏழு பேரும் சொன்ன முடிவை மட்டுந்தான் தான் கேட்பேன் என்றார். கத்தின ஆளைப் பற்றிப் பிறகு பார்ப்போம், அதுவரை பிடித்து வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

சேவகன் ஏழாவது கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டு கனகலிங்கம் சிரித்தார். கொஸ்தாப்பு பிடித்த பிடியில் கை வலித்தாலும் மனம் பறந்தது. வென்றாயிற்று என்றுதான் நினைத்தார். சிவனேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் உயிர் இல்லை.

"ஐயா, ஏன் உப்பிடிச் செய்தனீங்கள்? அந்த மாஸ்டரை ஏன் கேக்கச் சொன்னனீங்கள்?"

"ஏன் பிள்ளை? அவரைக் கேக்காமத்தானே உன்ர மனிசனைத் தூக்கப் பாத்தவை?"

"அவர் முந்தி எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர் ஐயா. ஊராக்கள் விடேல்லை. என்ர மனிசனும் இன்னும் கொஞ்சப் பேருமாப் போய், அவர் இருந்த கதிரையைத் தூக்கி முத்தத்தில எறிஞ்சு கொளுத்தினவை. மாஸ்டர் பாத்துக்கொண்டு நிண்டவர்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் விடுவாரே இவரை?"

ஐந்துக்கு இரண்டைக் கலைக்கிறேன் என்று போய், கயிற்றை இறுக்குகிற ஆளைத்தான் தானே கூட்டிவந்து உள்ளே இருத்திவிட்டாரா? கதிரையில் இருக்கவிடாமல் எரித்தவனின் உயிர், அதே மனிதனின் வாயில். றவூப்பைப் பார்த்தார். அவன் ஜூரி அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பகிடி ஒன்றும் வரவில்லைப் போல.

இந்த முறை அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒருவர் குரல் மட்டும், நீளமாக, வகுப்பில் கேட்பது போலக் கேட்டது. பிறகு வேறு குரல்கள் ஏறி விழுந்தன. கடைசியில் மணி அடித்தது.

மில்லுக்காரர் விளக்கெண்ணெய் குடித்தவர் போல எழும்பி நின்றார்.

"அஞ்சுக்கு ரெண்டு வரேல்லை. நாலுக்கு மூண்டு. இனி மாறாது எண்டு சொல்லுகினம்."

நாலுக்கு மூன்று! உள்ளே நாலு பேர்தான் தூக்கு என்றவர்கள். இரண்டு பேர் விடுதலை என்றவர்கள், இப்போது மாஸ்டர் சேர மூன்று. வெளியே இருந்தவரின் வாயில் ஒரு சொல் வாங்காமல், தாங்களாகவே அவரை ஐந்தாவது ஆளாகத் தூக்குக்குச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். தேத்தண்ணிக்கு ஆறும் ஒன்றும். தூக்குக்கு மட்டும் ஏழு.

துரை ஜூரியைக் கலைத்தார். அடுத்த தவணைக்குப் புது ஜூரியோடு புது விசாரணை, அதுவரை எதிரி மறியலில் இருக்கவேண்டும் என்றார். கனகலிங்கத்தைக் கூப்பிட்டு, கோட்டில் கத்தியதற்காக எச்சரித்துவிட்டு, இனிமேல் அப்புக்காத்து மூலம் வரச் சொன்னார். மயில்வாகனம் எழும்பி, அவர்தான் எல்லாம் செய்தவர் போலத் துரைக்கு நன்றி சொன்னார்.

வெளியே சின்னராசா மாஸ்டர் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தார். இனி அவரோடு கதைக்கலாம். கனகலிங்கம் ஓடிப் போய்க் கையைக் கூப்பிக் கும்பிட்டார்.

"மாஸ்டர், பெரிய உபகாரம். உங்களுக்கு அப்புத்துரையை..."

"அவரைத் தெரியும். எனக்கு அவரைக் கண்ணிலையும் காட்டக்கூடாது." மாஸ்டர் நிற்காமல் நடந்தபடியே சொன்னார். "சாட்சி பொய். அதுக்கு நான் என்ன செய்யிறது? பிடிக்கேல்லை எண்டதுக்காக ஆளைத் தூக்கிறதே?"

"நான் கத்தினது..."

"நீர் கத்தினது உம்மட ஆளின்ர கழுத்துக்காக. எனக்காக இல்லை." அவர் இப்போதுதான் நின்றார். குரல் நடுங்கியது, கோபத்தில். "வழக்கு நடந்த மூண்டு நாளும், ஜூரி அறைக்குப் போற நேரமெல்லாம் அந்தப் படியிலதான் இருந்தனான். ஒருத்தரும் கத்தேல்லை. இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு, என்னை வெளியில வைச்சவை எண்டு என்ர வாயாலயே சொன்னன். சந்தோசமே?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். கனகலிங்கம் கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

மறியல் வண்டியில் ஏற்ற அப்புத்துரையைக் கொண்டுவந்தார்கள். கையில் விலங்கு. சிவனேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். "அந்த மாஸ்டர்தான், தெய்வம் மாதிரி, உங்களைக் காப்பாத்தினவர்," என்று சொன்னாள். அப்புத்துரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கனகலிங்கத்தைக் கிட்ட வரும்படி தலையை ஆட்டினான்.

"ஐயா, அடுத்த முறை கொஞ்சம் கவனமா இருங்கோ. இந்த முறையே அந்த ஆள் வேண்டாம் எண்டு சொல்ல நினைச்சனான், அஞ்சு மறுப்பும் முடிஞ்சு போச்சு. உப்பிடியான ஆக்கள் ஜூரியில இருந்து எனக்குத் தீர்ப்புச் சொல்லுறதெண்டா ஊருக்குள்ள எனக்கு வெக்கம். அப்புக்காத்து ஐயாட்டச் சொல்லி, எங்கட ஆக்களாப் பாத்து எடுப்பியுங்கோ."

சிவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். கனகலிங்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். இவனுக்காக இனியும் வெயிலில் அலைய வேண்டும். இவன் கொலை செய்யவில்லை, அதுதான் கரைச்சல்.

"அப்புத்துரை," என்றார் மெதுவாக, "உம்மைத் தூக்கச் சொன்ன நாலு பேரும் உம்மட ஆக்கள். ஏழும் உம்மட ஆக்களா வரட்டும் எண்டு நேந்து வையும். நான் கயிறு பாத்து வைக்கிறன்."

வண்டிக் கதவைச் சேவகன் சாத்தினான்.